ஒரே புத்தகம், ஒன்பது பைண்டர்கள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பிட்டு முடித்து, ஓய்வு பெற்றவன் யாரிடமும் அனுமதி கேட்காமல் செய்யக்கூடிய ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தேன். தூங்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எங்கள் ஊர்ப்புற நூலகத்தில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் ஷர்மிளா. அந்த நாற்காலியில் இருக்கும் பள்ளம் நான் இருபத்தாறு வருடம் உட்கார்ந்து உண்டாக்கியது. ஒல்லியான பெண், பள்ளம் நிரம்ப இன்னும் நாளாகும்.

"சார், தொந்தரவு பண்ணிட்டனா?"

"இல்லம்மா, படிச்சுகினு இருந்தேன்" என்றேன். நூலகராக இருந்தவன் தூங்கினேன் என்று சொல்லக் கூடாது. தொழில் தர்மம்.

"பழைய ரிஜிஸ்டரு எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திக்கினு இருக்கேன் சார். பைண்டிங் ரிஜிஸ்டர்ல ஒரு டவுட்டு. 'பைண்டர் பெயர்'னு ஒரு கட்டம் இருக்குதில்ல? அதுல அஞ்சலி, டேவிட், இம்ரான், நாகம்மான்னு பேரா வருது. ஒரே புக்குக்கு ஒம்போது பேரு. நம்ம ஊர்ல அவ்ளோ பைண்டருங்களா சார் இருந்தாங்க?"

நான் தொண்டையைக் கனைத்தேன். கனைப்பதற்கு ஒன்றுமில்லை. யோசிக்க நேரம் வேண்டியிருந்தது.

"அப்புறம் அதே புக்கு சார், பதிவெண் நாலாயிரத்து நூத்திப் பன்னெண்டு. ஒம்போது பாகத்துல எட்டு பாகம் பீரோவுல இருக்குது. அஞ்சாம் பாகம் மட்டும் காணோம். தொலைஞ்சதுன்னு போட்டுடட்டுமா?"

"போடாத!" என்று நான் கத்திய கத்தலில், என் வீட்டுக்காரி கரண்டியோடு ஓடி வந்தாள். "ஒரு வாரம் குடும்மா. எழுதியே அனுப்புறேன்."

அவளுக்கு ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தேன். இவ்வளவு நீளமாகி, எல்லோருக்குமான கதையாகிவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் பெயரைச் சொல்ல மாட்டேன். கும்மிடிப்பூண்டிப் பக்கம் 'கண்டிகை' என்று முடியும் ஒரு சிற்றூர், அவ்வளவு போதும். நான் செய்தவற்றில் சில விதிப்படி குற்றம். பென்ஷன் என்று வருவதே கொஞ்சம், அதற்கும் ஆபத்து வேண்டாம்.

நான் நூலகரானது புத்தகப் பிரியத்தால் அல்ல. போலீஸ் தேர்வுக்குப் போனேன், மார்பு விரியவில்லை. சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்குப் போனேன். இரும்பைத் தூக்கச் சொன்னார்கள், இரும்பு என்னைத் தூக்கியது. கடைசியில் என் மாமா, "உட்கார்ந்த எடத்துல உட்கார்ந்துகினே செய்ற வேலை ஒண்ணு இருக்குதுடா" என்று நூலக அறிவியல் சான்றிதழ் படிப்பில் சேர்த்துவிட்டார். அந்தப் படிப்பில் நான் கற்றவை இரண்டு: புத்தகத்தை முதுகு மடியாமல் திறப்பது எப்படி, முத்திரையை மை ஒழுகாமல் குத்துவது எப்படி. இரண்டாவதில் நான் இன்றும் கொஞ்சம் சுமார்தான்.

நூலகம் என்று எனக்குக் கொடுத்தது, முன்பு பஞ்சாயத்து டிவி இருந்த அறை. சுவரில் டிவி வைக்கக் கட்டிய சிமெண்ட் பெட்டி அப்படியே இருந்தது. அதில் நான் அகராதியை வைத்தேன். ஊர்ப் பெரியவர்கள் சில காலம் பழக்கத்தில் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து அறை ரேஷன் கடை. மண்ணெண்ணெய் வாடை எங்கள் புத்தகங்களில் ஏறிவிடும். கரையான் வராமல் இருந்ததற்கு என் பராமரிப்பு காரணம் என்று மேலிடத்துக்கு எழுதி நல்ல பெயர் வாங்கினேன்.

புதிதாக ஒரு புத்தகம் வந்தால் செய்ய வேண்டிய காரியங்கள் உண்டு. முதலில் பதிவெண். பிறகு தலைப்புப் பக்கத்தில் ஒரு முத்திரை, கடைசிப் பக்கத்தில் ஒன்று. மூன்றாவது, ரகசியப் பக்கத்தில். ஒவ்வொரு புத்தகத்திலும் நடுவே குறிப்பிட்ட ஒரு பக்கத்தில் சத்தமில்லாமல் ஒரு முத்திரை குத்துவோம். முன்னும் பின்னும் கிழித்துவிட்டு யாராவது 'இது என் புத்தகம்' என்றால், அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டலாம். எத்தனையாவது பக்கம் என்று கேட்காதீர்கள். ஓய்வு பெற்றாலும் ரகசியம் ரகசியம்தான்.

இவ்வளவும் செய்து, புத்தகங்களைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன். முதல் இரண்டு வருடம் என் நூலகத்தில் ஒரு புத்தகம்கூடத் தொலையவில்லை. எப்படித் தொலையும், யாரும் தொடவே இல்லையே?

பிள்ளைகள் வந்தார்கள். எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பெண்கள் கம்பெனிக்குப் போகிறவர்கள். விடியற்காலை வெள்ளை வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும்; ஓவர்டைம் இருந்தால் திரும்ப ஏழு, ஏழரை ஆகும். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகளுக்குப் பூட்டிய வீடு. ஓர் அறை, ஒரு பல்பு. நூலகத்தில் மேஜை இருந்தது, மின்விசிறி இருந்தது. வந்து உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினார்கள். பீரோக் கண்ணாடி வழியே புத்தக அட்டைகளைப் பார்த்தார்கள், அல்வாக் கடையைப் பார்ப்பதுபோல.

"எடுத்துகினு போலாமா சார்?"

"உறுப்பினர் ஆகணும். படிவம் எடுத்துகினு போ. குடும்ப அட்டை நகல் வேணும். பிணையாளர் கையெழுத்து வேணும்."

"பிணையாளர்னா இன்னா சார்?"

இங்கேதான் என் அறிவு வேலை செய்தது. பிள்ளைக்குப் புரியட்டும் என்று சொன்னேன்: "அதாண்டா, ஜாமீன் மாதிரி."

மறுநாள் காலை நூலகத்தைத் திறக்கும் முன்னே அவன் அப்பா வாசலில் நின்றார். கூடவே நான்கு பேர்.

"இன்னா சாரு, எம்புள்ள இன்னா கேஸு பண்ணான்? லைபரிக்கு இன்னாத்துக்கு ஜாமீனு?"

விளக்கினேன். விளக்க விளக்க மோசமானது. "அப்போ பொஸ்தகம் காணாப்பூட்டா ஜாமீன் போட்டவன உள்ள வெப்பாங்களா?" என்றார் கூட வந்தவர். அதன்பிறகு ஆறு மாதம் எங்கள் ஊரில் ஒரு கையெழுத்துகூட விழவில்லை. கடைசியில் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியை வந்தார். வந்தவர் என்னைத் திட்டவில்லை. ஒரு பார்வை பார்த்தார், அது போதும். பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் தானே பிணைக் கையெழுத்துப் போட்டார். அன்று பீரோச் சாவியை இடுப்பிலிருந்து அவிழ்த்து ஆணியில் மாட்டினேன். இடுப்பில் தழும்பு இன்னும் இருக்கிறது.

கையெழுத்துச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் எங்கள் ஊரில் குடும்ப அட்டை இல்லாத பிள்ளைகளுக்கு நானும் ஒன்றும் செய்யவில்லை. ஊருக்கு வெளியே செங்கல் சூளை இருந்தது. பொங்கல் முடிந்ததும் வெளியூர்க் குடும்பங்கள் வரும், மழைக்கு முன் போய்விடும். அவர்கள் அட்டை வேறு ஊரில். அந்தப் பிள்ளைகள் வந்தால், "இங்கயே உட்கார்ந்து படிங்க, எடுத்துகினு போகக் கூடாது" என்பேன். விதியை மீறாத நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் பயம்.

பயத்துக்குக் காரணம் எங்கள் நூலக ஆய்வாளர் ஐயா. எனக்கு முப்பத்தைந்து என்றால் அவருக்கு ஐம்பத்தைந்து. பேருந்திலிருந்து இறங்கி ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து வருவார். ஒரு கையில் குடை, மறு கையில் வெந்நீர் பிளாஸ்க். எந்த நூலகத்திலும் டீ குடிக்க மாட்டார். டீ குடித்தால் குறிப்பு எழுத மனசு வராது என்பது அவர் கொள்கை. உட்காரும் முன் நாற்காலியில் கைக்குட்டை விரிப்பார். பிறகு அலமாரி ஓரத்தில் ஒரு விரலை இழுத்து, விரலைப் பார்ப்பார். நம்மைப் பார்க்க மாட்டார். கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். காதில் விழாத அளவுக்கு இறங்கிவிட்டால் அந்த நூலகர் முடிந்தார் என்று அர்த்தம். புத்தகங்களைப் பெயரால் அல்ல, பதிவெண்ணால்தான் சொல்வார். அதனால் எங்களுக்குள் அவர் பெயர் 'நம்பர் ஐயா'.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த மனிதர் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தால், தூங்கும் குழந்தையை எடுப்பதுபோல எடுப்பார். அதைப் பார்த்தபிறகு அவரை முழுசாகத் திட்டவும் முடியாது.

இனி அந்தப் பதிவெண் 4112.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓர் உதவித்தொகைத் தேர்வு உண்டு. தேறினால் பன்னிரண்டாம் வகுப்பு வரை உதவி. அந்த வருடம் எங்கள் ஊர்ப் பள்ளியிலிருந்து ஒன்பது பிள்ளைகள் எழுதவிருந்தார்கள். தேர்வுக்கான வழிகாட்டிப் புத்தகம் எங்கள் நூலகத்தில் ஒன்று இருந்தது. ஒன்றே ஒன்று. தலையணை கனம்.

ஒன்பது பேரில் ஒருத்தி அஞ்சலி. சூளைக்கு வந்த குடும்பம், பொதட்டூர்பேட்டைப் பக்கத்திலிருந்து. சொந்த ஊர்ப் பள்ளியில் கொடுத்த விண்ணப்பத்தைத் தலைமையாசிரியை பாடுபட்டு இந்தப் பக்கத் தேர்வு மையத்துக்கு மாற்றி வாங்கியிருந்தார். அவள் அம்மா முன்கூட்டியே கணக்குத் தீர்த்திருந்தாள்: பரீட்சையில் தேறினால் பெண் படிக்கட்டும், தேறாவிட்டால் வருகிற வருடத்திலிருந்து அவளும் கல் அடுக்கட்டும். இதை அஞ்சலியே என்னிடம் சொன்னாள், இன்றைக்கு இட்லி, நாளைக்கு உப்புமா என்பதுபோல.

ஒரு சனிக்கிழமை அந்தப் புத்தகத்துக்காக டேவிட்டுக்கும் அஞ்சலிக்கும் இழுபறி. டேவிட் கம்பெனி லோடுமேன் மகன், கை பலம் ஜாஸ்தி. அஞ்சலி கல் தூக்கிப் பழகியவள், அவளுக்கும் குறைவில்லை. 'டர்' என்றது. முதுகு பிளந்து, ஆளுக்குப் பாதி கையில்.

நான் அழுதேவிட்டேன். கிழிந்ததற்காக அல்ல, நம்பர் ஐயாவுக்காக.

"சாரு, சாரு, அழாதீங்க சாரு" என்று டேவிட்தான் என்னைத் தேற்றினான். "பைண்டிங் போட்டுக்கலாம் சாரு."

பைண்டிங் பதிவேட்டை எடுத்து எண்ணை எழுதினேன். கிழிந்த புத்தகத்தை அதில் எழுதுவதுதான் முறை. எழுதிவிட்டுத் தலையை நிமிர்த்தினால், அந்த இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில், ஆளுக்குப் பாதிப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள். அதுவரை ஒருவர் படித்த புத்தகத்தை இப்போது இருவர் படிக்கிறார்கள்.

என் மூளை வருடத்துக்கு ஒருமுறை வேலை செய்யும். அது அந்த நாள். பைண்டிங்குக்குப் போன புத்தகம் நூலகத்திலும் இல்லை, இரவலிலும் இல்லை, தொலையவும் இல்லை. அதற்கு உறுப்பினர் அட்டை வேண்டாம், குடும்ப அட்டை வேண்டாம், ஜாமீனும் வேண்டாம். பைண்டரின் பெயர் மட்டும் போதும்.

சவரக் கத்தியை எடுத்து, தையல் நூலைப் பார்த்துப் பார்த்து அறுத்து, புத்தகத்தை ஒன்பது பாகமாகப் பிரித்தேன். சிமெண்ட் பைக் காகிதத்தில் அட்டை. 4112/1, 4112/2 என்று எண். 'பைண்டர் பெயர்' என்ற இடத்தில் ஒன்பது பிள்ளைகளின் பெயர். "பொஸ்தகத்துல பேனா பட்டுச்சு, கைய ஒடைப்பேன்" என்று எச்சரிக்கை. ஒவ்வொரு சனிக்கிழமையும் பாகம் மாற்றிக்கொள்வார்கள். கம்பெனிக்காரர் பிள்ளைகள் அல்லவா, அதற்கு 'ஷிஃப்டு' என்று பெயர் வைத்தார்கள். "டேய், உன் ஷிஃப்டு முடிஞ்சுது, பாகத்த எறக்கு" என்று அவர்கள் ஒருவரை ஒருவர் விரட்டும்போது எனக்குப் பெருமையாக இருக்கும்; கண் மட்டும் வாசலில் குடை தெரிகிறதா என்று பார்க்கும்.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது குடை தெரிந்தது.

இருப்புச் சரிபார்ப்பு. நம்பர் ஐயா கைக்குட்டை விரித்து உட்கார்ந்தார். பதிவேட்டைப் பார்க்காமலே எண்களைச் சொல்வார். நான் எடுத்து வைக்க வேண்டும். 217. வைத்தேன். 1890. வைத்தேன்.

"4112."

"பைண்டிங்ல இருக்குதுங்க ஐயா."

"எந்த பைண்டர்?"

பதிவேட்டைத் தந்தேன். நிதானமாக வாசித்தார். "அஞ்சலி. டேவிட். இம்ரான். நாகம்மா..." ஒன்பது பெயரும் வாசித்தார். "ஒரு புத்தகத்துக்கு ஒன்பது பைண்டரா?" குரல் இறங்க ஆரம்பித்தது.

நடந்ததைச் சொன்னேன். கத்தியையும் சொன்னேன். பொய் சொல்லும் அளவுக்குத் தைரியம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

அவர் வெந்நீரை மூடியில் ஊற்றி ஒரு வாய் குடித்தார். "சாயங்காலம் அஞ்சரைக்குள்ள 4112 முழுசா என் முன்னாடி இருக்கணும். பாத்துட்டு எழுத வேண்டியதை எழுதுறேன்" என்றார். கடைசி வார்த்தையை உதட்டசைவில்தான் புரிந்துகொண்டேன்.

பள்ளி விட்டதும் எட்டு பிள்ளைகள் எட்டு பாகங்களோடு வந்தார்கள். மேஜையில் வரிசையாக வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றார்கள். ஐயா ஒவ்வொன்றாகப் புரட்டினார். எங்கேயும் பேனா படவில்லை. நாகம்மாவின் பாகத்தில் மட்டும் ஒரு பருக்கைச் சோறு காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்தார்.

"அஞ்சு எங்கே?"

"அஞ்சலி மூணு நாளா ஸ்கூலுக்கே வர்ல சார்" என்றான் டேவிட். "சூளையில கீறா."

"இது நம்ம புத்தகம்தான்னு நான் எப்படி எழுதறது?" என்றார் ஐயா என்னிடம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தலைப்புப் பக்கம் அந்த இழுபறியிலேயே கிழிந்து போயிருந்தது. கடைசிப் பக்கத்தில் நான் குத்திய முத்திரையில் மை பரவி, கத்தரிக்காய் படம்போல இருந்தது. ரகசியப் பக்கம் அஞ்சாம் பாகத்தில் இருந்தது.

"போகலாம்" என்று எழுந்தார்.

என் மொபெட்டில் அவர் ஏறியதை ஊரே வேடிக்கை பார்த்தது. குடை என் விலாவில் குத்த, பிளாஸ்க் என் முதுகில் இடிக்க, சூளைப் பாதையில் போனோம். தண்ணீர் லாரி வந்து போன சேற்றில் ஒரு தடவை இருவரும் இறங்கித் தள்ளினோம். உண்மையில் அவர் தள்ளினார்; நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு விழாமல் பார்த்துக்கொண்டேன். என்னையும் சேர்த்து.

அஞ்சலியின் அம்மா வலது கையில் துணி சுற்றியிருந்தாள். விரலில் கல் விழுந்து நசுங்கியிருந்தது. அவளுக்குப் பதிலாக மூன்று நாளாக அஞ்சலிதான் இன்னும் சுடாத பச்சைக் கல்லைத் திருப்பிப் போட்டு அடுக்குகிறாள். ஐயாவின் வெள்ளைச் சட்டையைப் பார்த்ததும் அம்மா கும்பிட்டாள்.

"எம்பொண்ணு ஒண்ணும் திருடல சாமி. லைபரி சாருதான் குட்தாரு. கேளுங்க."

"திருடினதா யாரும் சொல்லலம்மா" என்றார் ஐயா. "பாகத்தைப் பாக்கணும்."

அஞ்சலி குடிசைக்குள் ஓடி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, அரிசிப் பானைக்குள் வைத்திருந்த பாகத்தை எடுத்து வந்தாள். ஐயா ரகசியப் பக்கத்தைத் திறந்தார். முத்திரை இருந்தது. நான் மூச்சு விட்டேன். கிளம்பிவிடலாம் என்று திரும்பினேன். அவர் நகரவில்லை. கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

தரையில் பச்சைக் கல் வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது. கற்களின் மேல் குச்சியால் எழுதிய எண்கள். ஒரு கல்லில் 2. அடுத்ததில் 3. பிறகு 5, 9, 17, 33. அடுத்த வரிசையில் வேறு எண்கள். நோட்டு வாங்கித் தர ஆளில்லை, புத்தகத்தில் எழுதக் கூடாது என்று நான் மிரட்டியிருக்கிறேன். மண் ஈரமாக இருந்தது, எழுதியிருக்கிறாள். நம்பர் ஐயா குடையை ஊன்றிக்கொண்டு, வரிசையோடு நடந்து, வாய்க்குள்ளே வாசித்துக்கொண்டே போனார்.

சூளை மேஸ்திரி வந்து சேர்ந்தான். "பாருங்க சார் இந்தக் கூத்த. கல்லு மேல கிறுக்கி வெச்சா எவன் எடுப்பான்? சொன்னா கேக்க மாட்டேங்குது."

"சுவத்துல பூசிட்டா தெரியாது" என்றார் ஐயா, அவனைப் பார்க்காமலே. பிறகு பாகத்தைப் புரட்டி, அந்தப் பாட முடிவில் இருந்த விடைப் பக்கத்தைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. "பாப்பா, இதுக்கு விடை முப்பத்தொண்ணுன்னு புத்தகத்துல இருக்கே. நீ முப்பத்து மூணுன்னு எழுதியிருக்கியே?"

அஞ்சலி என்னைப் பார்த்தாள். நான் அவசரமாக வானத்தைப் பார்த்தேன். எனக்கு இரண்டுமே சரியாகத்தான் பட்டது.

"பொஸ்தகம் தப்பு சார்" என்றாள் மெதுவாக. "ஒவ்வொண்ணையும் ரெண்டு மடங்காக்கி ஒண்ணு கொறைக்கணும். பதினேழு ரெண்டு முப்பத்து நாலு, ஒண்ணு போனா முப்பத்து மூணு. மூணு நாளா போட்டுப் பாத்துட்டேன்."

ஐயா கற்களை மறுபடி பார்த்தார். 2, 3, 5, 9, 17. உதடு அசைந்தது. பிறகு அவர் செய்ததை நான் என் கண்ணால் பார்க்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். நூலகப் புத்தகத்தில் புள்ளி வைத்தவனைக்கூட மன்னிக்காத மனிதர், விடைப் பக்கத்தில் 31ஐ அடித்து, பக்கத்தில் 33 என்று எழுதி, கீழே சின்னக் கையெழுத்துப் போட்டார்.

"பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கு. பள்ளிக்கு அனுப்பும்மா" என்றார் அம்மாவிடம்.

"இந்தக் கைய வெச்சிகினு நான் இன்னா சாமி பண்ணுவேன்? படிச்சு இவ இன்னா ஆவப் போறா?"

இங்கே நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "என்ன மாதிரி ஆவலாம்மா" என்றேன்.

அவள் என்னைத் தலை முதல் கால் வரை, சேறு உட்பட, பார்த்தாள். "அதுக்கு கல்லே அடுக்கலாம் சாமி."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மேஸ்திரிகூடச் சிரித்தான். நம்பர் ஐயா சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். குடைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "இவர்கிட்ட தப்பு கண்டுபிடிக்க நான் இருக்கேன். புத்தகத்துலயே தப்பு கண்டுபிடிக்க ஆள் வேணும்மா. உன் பொண்ணு கண்டுபிடிச்சிருக்கா."

அம்மா அஞ்சலியின் தலையில் ஒட்டியிருந்த களிமண்ணை இடது கையால் தட்டிவிட்டாள். "பத்து நாளு. அதுக்கு மேல கேக்காதீங்க."

நூலகத்துக்குத் திரும்பியபோது எட்டு பேரும் சுவரோரம் அப்படியே நின்றிருந்தார்கள். அஞ்சாம் பாகத்தை வரிசையில் வைத்தார். ஒன்பது பாகம், எல்லாப் பக்கமும் எண்ணினார். தலைப்புப் பக்கம் மட்டும் இல்லை. பைண்டிங் பதிவேட்டைத் திறந்தார். எழுதினார். எழுதியதை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, பிளாஸ்கை எடுத்துக்கொண்டார். அந்த வரி இன்றும் அங்கே இருக்கிறது, ஷர்மிளா பார்த்திருப்பாள்:

'தலைப்புப் பக்கம் சேதம். மற்றபடி பைண்டிங் தரம் திருப்தி. பணி முடிய இன்னும் பத்து நாள் தேவை.'

பிறகு பிள்ளைகளைப் பார்த்து, "பைண்டர்களெல்லாம் அவங்கவங்க வேலையை எடுத்துட்டுப் போகலாம்" என்றார். குரல் நன்றாகக் கேட்டது. அஞ்சாம் பாகத்தை டேவிட் சூளைக்குக் கொண்டு ஓடினான். அன்று முதல்முறையாக ஐயாவுக்கு டீ வேண்டுமா என்று கேட்டேன். "குறிப்பு எழுதியாச்சே, இப்போ குடிக்கலாம்" என்றார்.

ஒன்பது பேரில் நான்கு பேர் தேறினார்கள். எல்லோரும் தேறினார்கள் என்று எழுத ஆசைதான். ஐயா மேலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். டேவிட் தேறவில்லை. இன்று கும்மிடிப்பூண்டி பஜாரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். பலகையில் பெரிதாக எழுதியிருக்கிறது: 'இங்கு பைண்டிங் செய்யப்படும்'. ஆக, என் பதிவேட்டில் ஒரு பெயராவது நிஜம். "அந்த ஒம்போதையும் ஒண்ணா கட்டித் தர்றேன் சாரு, ஃப்ரீயா" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வான். "கட்டினா ஒருத்தன்தான்டா படிப்பான்" என்பேன்.

அஞ்சலி தேறினாள். ஆனால் முடிவு வருவதற்குள் அந்தக் குடும்பம் மழைக்கு முன் கிளம்பிவிட்டது. கிளம்பும் நாள் அஞ்சாம் பாகத்தைத் திருப்பித் தர வந்தாள்.

"முடிச்சுட்டியா?" என்றேன்.

"கடைசி ரெண்டு கணக்கு வர்ல சார்."

"அப்போ பைண்டிங் இன்னும் முடியல. எடுத்துகினு போ."

அதன்பிறகு வருடா வருடம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த எட்டு பாகத்தை ஷிஃப்டு போட்டுப் படித்தார்கள். வேறு புத்தகங்களும் அட்டையில்லாத பிள்ளைகளோடு பைண்டிங்குக்குப் போய்ப் போய் வந்தன. அஞ்சாம் பாகத்துக்குப் பதிலாக நானே ஒரு நோட்டில் எண் தொடர் கணக்குகள் எழுதி வைத்தேன். பாதி தப்பு. என் தப்புகளைக் கண்டுபிடித்தே பல பிள்ளைகள் கணக்கில் தேறினார்கள் என்று தலைமையாசிரியை சொல்வார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

ஷர்மிளா போன் பண்ணியபிறகு, டேவிட்டிடம் எண் வாங்கி அஞ்சலியைக் கூப்பிட்டேன். கடம்பத்தூர் பக்கம் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறாள். பிறர் செய்ததில் தப்பு கண்டுபிடிக்கும் வேலை, சரியான ஆள்.

"அஞ்சாம் பாகம் எங்கம்மா?"

"பத்திரமா கீது சார். ஆனா இப்ப தர முடியாது சார்."

"ஏம்மா?"

"இங்க சூளை ஒண்ணு கீது. ஞாயித்துக்கெழம போவேன். ஆறு புள்ளைங்க அதத்தான் படிச்சுகினு இருக்குதுங்க. ரகசியப் பக்கத்த காட்டி, இது கவருமெண்டு பொஸ்தகம், பேனா பட்டுச்சு கைய ஒடைப்பேன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

ரகசியப் பக்கம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க நினைத்தேன். அன்று சூளையில் எங்களோடு குனிந்து அவளும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேற்று ஷர்மிளாவுக்குப் போன் பண்ணினேன். "தொலைஞ்சதுன்னு போடாதம்மா. பைண்டிங்ல இருக்குது. பைண்டர் பேரு அஞ்சலி."

அவள் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. நின்றது. "சார், எப்போ திரும்பி வரும்னு கம்ப்யூட்டர் தேதி கேக்குது. போடலன்னா ஏத்துக்காது."

"பத்து நாள்னு போடு."

"பத்து நாள் கழிச்சு மறுபடியும் கேக்குமே சார்?"

"ஐயா எழுதின வரியப் பாரு" என்றேன். "மறுபடியும் பத்து நாள் போடு."